மாற்கு 16:8-க்குப் பிறகு அடைப்புக்குறி ஏன்?

கதிர்பொறுக்கி கேட்டது:

வாரம் ஒரு மாலை ஏழெட்டுப் பேர் கூடி மாற்கு சுவிசேஷத்தை ஆளுக்குக் கொஞ்சமாகச் சத்தம் போட்டு வாசித்து வருகிறோம். நடத்துவது நான். இறையியல் படித்தவள் இல்லை, வாசிக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். போன வாரம் ஒருவழியாகக் கடைசி அதிகாரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

என் கையில் இருப்பது அப்பா வைத்திருந்த வேதாகமம், பழைய மொழிபெயர்ப்பு. 8-ஆம் வசனத்தை முடித்து 9-ஐத் தொடங்கினேன். பக்கத்தில் போனில் வேறு மொழிபெயர்ப்பைத் திறந்து வைத்திருந்த கல்லூரிப் பெண் கையைத் தூக்கிவிட்டாள். "அக்கா, எனக்கு இங்கேயிருந்து கடைசி வரைக்கும் அடைப்புக்குறிக்குள்ள இருக்கு. பழைய பிரதிகள் சிலதுல இந்தப் பகுதி இல்லைன்னு கீழே போட்டிருக்கு. அப்போ இது மாற்கு எழுதினதா, இல்லையா?"

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரு போதகரிடம் கேட்டதற்கு, "அதையெல்லாம் கிளறாதீங்க சிஸ்டர், ஜனங்க குழம்பிப்போவாங்க" என்றார். ஜனங்கள் குழம்பவில்லை. நான்தான் குழம்பிக் கிடக்கிறேன்.

யாராவது பிற்பாடு இதைச் சேர்த்தார்களா, அல்லது இருந்ததை எடுத்துவிட்டார்களா? 8-ஓடு முடிகிறது என்றால், கல்லறைக்கு வந்த பெண்கள் பயந்து ஓடுவதோடு, உயிர்த்தெழுந்தவரை ஒருவர் கூடப் பார்க்காமலே சுவிசேஷம் முடிகிறதே, அப்படி முடிக்க முடியுமா? இன்னொன்று, கொஞ்சம் சொந்த விஷயம். அப்பாவின் வேதாகமத்தில் 16:15-க்குக் கீழே சிவப்பு மையில் கோடு இருக்கிறது. "நீங்கள் உலகமெங்கும் போய்" என்று தொடங்குகிற வசனம். மாற்கில் அவர் கோடு போட்ட ஒரே இடம் அதுதான். அது அடைப்புக்குறிக்குள் விழுந்துவிட்டதைப் பார்த்ததும் என்னவோ போல் ஆகிவிட்டது.

திடமனம்:

சகோதரி, வீணாகக் கலங்க வேண்டாம். அடைப்புக்குறி போட்டவர்கள் நம்புவது சீனாய், வத்திக்கான் என்கிற இரண்டு கிரேக்கக் கையெழுத்துச் சுவடிகளை. இரண்டும் நான்காம் நூற்றாண்டு. ஆனால் சபைப் பிதா ஐரேனியு 180-ஆம் ஆண்டு வாக்கிலேயே 16:19-ஐ எடுத்துக்காட்டி, மாற்கு தம் சுவிசேஷத்தின் முடிவில் இப்படிச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறார். அந்தச் சுவடிகளுக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தைய சாட்சி அது. மீதமுள்ள கிரேக்கப் பிரதிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இந்தப் பன்னிரண்டு வசனங்களும் இருக்கின்றன. இரண்டு பேர் சாட்சியை வைத்துக்கொண்டு ஊரையே பொய்யாக்குவதா? வேத வசனத்திலிருந்து எடுத்துப்போடுகிறவனுக்கு வெளிப்படுத்தின விசேஷம் 22:19 என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

மெய்ப்புக்காரன்:

கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. முப்பது வருடமாக அச்சுக்குப் போகும் தாள்களில் பிழை பார்ப்பது என் தொழில். ஐம்பது வயதுக்கு மேல்தான் கிரேக்கம் படித்தேன், அதனால் என்னைப் பண்டிதன் என்று நினைக்க வேண்டாம். பிரதிகளைப் பார்க்கிற கண் மட்டும் கொஞ்சம் பழகியிருக்கிறது.

முதலில் திடமனம் ஐயாவுக்கு. ஐரேனியு பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை யாரும் தட்ட முடியாது. இரண்டாம் நூற்றாண்டிலேயே இந்த முடிவோடு மாற்கு வாசிக்கப்பட்டது. ஆனால் 22:19-க்கு ஒரு வசனம் முன்னால் போனால், கூட்டுகிறவனுக்கும் அதே எச்சரிக்கை இருக்கிறது. அதனால் அந்த வசனத்தை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. எடுத்தார்களா, கூட்டினார்களா என்பதுதானே கேள்வியே.

இப்போது சுவடிகள். இரண்டின் பக்கங்களையும் நிழற்படமாக இணையத்தில் போட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வத்திக்கான் சுவடியில் பக்கத்துக்கு மூன்று பத்தி, பத்திக்கு 42 வரி. இரண்டாம் பத்தியில் 31-ஆம் வரியில் மாற்கு 16:8 முடிகிறது. கீழே "மாற்குவின்படி" என்று நூல் பெயர். அப்புறம் மூன்றாம் பத்தி முழுக்க வெறுமை. லூக்கா அடுத்த பக்கத்தில்தான் தொடங்குகிறது. அந்த எழுத்தர் வழக்கமாக அப்படி விடுகிறவர் இல்லை. ஒரு நூல் முடிந்தால் அடுத்த பத்தியின் தலையிலேயே அடுத்த நூலைத் தொடங்கிவிடுவார். பழைய ஏற்பாட்டில் சில இடங்களில் பத்தி காலியாகக் கிடக்கிறது, அதற்கெல்லாம் எழுத்தர் மாறினார், பத்தி அமைப்பு மாறியது என்று காரணம் காட்ட முடிகிறது. புதிய ஏற்பாட்டில் காரணம் சொல்ல முடியாமல் நிற்பது இந்த ஒரு பத்திதான்.

எனக்குத் தொழில் புத்தி விடவில்லை. மிச்சமிருக்கும் இடத்தில் 9 முதல் 20 வரை அடங்குமா என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டாம் பத்தியில் 11 வரி, மூன்றாம் பத்தியில் 42, ஆக 53 வரி. அவர் எழுதுகிற அளவில் பன்னிரண்டு வசனங்களுக்கு மூன்று நான்கு வரி இடிக்கிறது. நெருக்கி எழுதினால் ஏற்றிவிடலாம். அச்சகத்தில் இப்படி ஒரு தாள் என் மேசைக்கு வந்தால், "இங்கே ஏதோ வர வேண்டியிருந்ததா?" என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்புவேன். அவரும் அப்படித்தான் செய்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு முடிவு உலவுவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முன்னாலிருந்த மூலப்பிரதியில் அது இல்லை. எழுதவும் மனமில்லை, மறைக்கவும் மனமில்லை, இடம் விட்டுவிட்டார். இது என் ஊகம். நிரூபிக்க முடியாது.

சீனாய் சுவடியில் இந்தத் தயக்கம் இல்லை. 8-ஆம் வசனம் முடிந்ததும் கீழே அலங்காரக் கோடு, நூல் பெயர், அடுத்த பத்தியில் லூக்கா.

இரண்டே சாட்சி என்பதும் முழுக்கச் சரியில்லை ஐயா. பழைய சிரியாக் மொழிபெயர்ப்பின் சீனாய்ப் பிரதி (மேலே சொன்ன கிரேக்கச் சுவடி வேறு) 8-ஓடு நிற்கிறது. ஜார்ஜிய மொழிப் பிரதிகளில் மிகப் பழைய இரண்டும், 897, 913 ஆண்டுகளைச் சேர்ந்தவை, அப்படியே. ஆர்மீனியப் பிரதிகளிலும் ஏராளம். நான்காம் நூற்றாண்டுச் சபை வரலாற்றாசிரியர் எவுசேபியு, துல்லியமான பிரதிகளில் பெண்கள் பயந்துபோன இடத்தோடு மாற்கு முடிந்துவிடுகிறது என்று எழுதிவைத்திருக்கிறார். அவர் கையில் இருந்தவை இன்று நம்மிடம் இல்லாத பிரதிகள்.

இத்தாலியில் போபியோ என்னும் இடத்திலிருந்து வந்த பழைய லத்தீன் பிரதி ஒன்று இருக்கிறது. அதில் 8-க்குப் பிறகு இந்தப் பன்னிரண்டு வசனங்கள் இல்லை, வேறொரு குட்டி முடிவு, ஒன்றிரண்டு வாக்கியம்தான். சில கிரேக்கப் பிரதிகளில் அந்தக் குட்டி முடிவையும் எழுதி, அதற்குக் கீழே நீள முடிவையும் எழுதியிருக்கிறார்கள். ஒரே நூலுக்கு இத்தனை வால் முளைத்தால் ஒன்றுதான் பொருள்: வால் இல்லாத பிரதி ஒன்று வெகு காலம் முன்பே ஊர் சுற்றியிருக்கிறது. நல்ல முடிவு ஏற்கெனவே இருந்திருந்தால், எவராவது மெனக்கெட்டு மட்டமான குட்டி முடிவு ஒன்றைத் தயாரிப்பாரா?

சரி, பிரதிகளை மறந்துவிடுங்கள். உங்கள் அப்பாவின் வேதாகமத்தை மட்டும் வைத்துக்கொண்டே ஒன்று பார்க்கலாம். 16:1-இல் மகதலேனா மரியாள் வருகிறாள். அதற்கு முன் 15:40-இலும் 15:47-இலும் வந்தாயிற்று. 9-ஆம் வசனத்தில் மறுபடி, இன்னாரென்றே நமக்குத் தெரியாதது போல, அவளிடமிருந்து ஏழு பிசாசுகளைத் துரத்தியிருந்தார் என்று அறிமுகம் நடக்கிறது. நான்காவது தடவை மேடைக்கு வருகிறவரை யார் அறிமுகம் செய்வார்கள்? கிரேக்கத்தில் அந்த வசனத்தில் இயேசு என்ற பெயரே இல்லை, "எழுந்து" என்று மொட்டையாகத் தொடங்குகிறது. வாசகர் தடுமாறக்கூடாது என்று தமிழில் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். வேறெங்கோ, வேறொரு பேச்சின் நடுவில் இருந்த பகுதியைக் கொண்டுவந்து ஒட்டியது போல இருக்கிறது. மாற்கு மூச்சுக்கு மூச்சு "உடனே" போடுகிறவர், நூல் முழுக்கச் சுமார் 40 இடம். இந்தப் பன்னிரண்டு வசனங்களில் ஒன்று கூட இல்லை. 16:7-இல் கலிலேயாவில் காண்பீர்கள் என்று கல்லறையிலிருந்த வாலிபன் சொல்கிறான், பிறகு கலிலேயாப் பேச்சே இல்லை.

உங்கள் வேதாகமத்தில் அடைப்புக்குறி ஏன் இல்லை என்றால், அதன் பின்னணியில் இருப்பது அறிஞர் எராஸ்மஸ் 1516-இல் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பின் மரபு. அவர் கையில் கிடைத்தவை பிற்காலப் பிரதிகள் சில. அவற்றில் நீள முடிவு இருந்தது. யாரும் உங்கள் அப்பாவை ஏமாற்றவில்லை.

கதிர்பொறுக்கி:

ஐயா, மரியாள் அறிமுகத்தை இப்போதே எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருடம் வாசித்தும் கண்ணில் படவில்லை. ஆனால் என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. கடைசி ஏடு கிழிந்து தொலைந்திருக்கலாம் அல்லவா? பயந்து ஓடினார்கள் என்று ஒரு நற்செய்தியை எப்படி முடிப்பது?

மெய்ப்புக்காரன்:

தொலைந்திருக்கலாம். அப்படிச் சொல்கிற அறிஞர்கள் இன்றும் இருக்கிறார்கள், அது மடத்தனமான வாதம் இல்லை. மத்தேயுவும் லூக்காவும் மாற்கைப் பின்பற்றி எழுதினார்கள் என்பது பெரும்பாலோர் கருத்து. இருவரும் கல்லறை வரை மாற்கோடு ஒட்டி வருகிறார்கள். 16:8-க்குப் பிறகு ஒருவர் கலிலேயாவுக்குப் போகிறார், மற்றவர் எருசலேமை விட்டு நகரவில்லை. அவர்கள் கையிலிருந்த மாற்கும் அங்கேயே நின்றுவிட்டது போலிருக்கிறது. ஏடு தொலைந்தது என்றால் மிகச் சீக்கிரமே தொலைந்திருக்க வேண்டும்.

நான் சாய்வது மறுபக்கம். மாற்கு வேண்டுமென்றே நிறுத்தினார் என்கிற பக்கம். அதற்குக் காரணம் கிரேக்க வாக்கியம்தான், அது தமிழில் தெரியவே தெரியாது.

உங்கள் வேதாகமத்தில் 16:8 எப்படி முடிகிறது? பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள். நம் மொழியில் காரணம் முன்னால் வரும், வினைமுற்று கடைசியில் வந்து கதவைச் சாத்தும். வாக்கியம் அழகாக அடங்கிவிடுகிறது, காதுக்கு ஒரு குறையும் இல்லை. கிரேக்கத்தில் வரிசை தலைகீழ். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்பது முதலில். அதன் பின் இரண்டே சொல்: எஃபொபூன்தோ கர். முதல் சொல்லுக்கு "பயந்தார்கள்" என்று வைத்துக்கொள்ளுங்கள். "கர்" என்பது "ஏனென்றால்". அது வாக்கியத்தின் முதல் சொல்லாக வராது, இரண்டாம் இடத்தில்தான் உட்காரும். இங்கே இருப்பதே இரண்டு சொல் என்பதால் அதுவே கடைசிச் சொல்லாகிவிட்டது. நூலே "ஏனென்றால்" என்ற சொல்லோடு நிற்கிறது. படியில் இறங்கும்போது கடைசிப் படி இல்லாமல் கால் காற்றில் தொங்குமே, அது.

ஒரு நூல் இப்படி முடியவே முடியாது என்று வாதாடியவர்கள் உண்டு. புளோட்டினஸ் எழுதிய தத்துவக் கட்டுரை ஒன்று இதே "கர்" சொல்லோடு முடிவதை 1972-இல் ஒரு டச்சு அறிஞர் எடுத்துக்காட்டிய பிறகு அந்த வாதத்தின் குரல் தணிந்தது. கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் ஆதியாகமம் 18:15 பாருங்கள். சாராள் நான் நகைக்கவில்லை என்று மறுக்கிறாள், "பயந்தாள், ஏனென்றால்" என்கிற அதே அமைப்பில் அந்த வாக்கியம் முடிகிறது. தமிழில் அங்கேயும் சாராளின் பயம் முன்னால் போய்விட்டது!

மாற்கு 1:44-க்குப் போங்கள். குஷ்டரோகியிடம் இயேசு யாருக்கும் சொல்லாதே என்கிறார். அவன் போய் ஊரெல்லாம் சொல்கிறான். 7:36-இலும் இதே கதைதான், சொல்லாதே என்றால் சொல்வார்கள். கடைசியில் வாலிபன், போய்ச் சொல்லுங்கள் என்கிறான். பெண்கள் சொல்லவில்லை. இதை எழுதியவருக்குத் தான் செய்வது என்னவென்று தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. 14:50-இல் சீஷர்கள் ஓடுகிறார்கள், 14:52-இல் துணியைப் போட்டுவிட்டு வாலிபன் ஓடுகிறான், 16:8-இல் பெண்கள் ஓடுகிறார்கள். மூன்று இடத்திலும் கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல். கடைசிவரை நின்றவர்கள் அந்தப் பெண்கள்தான் என்று நாம் மூச்சு விடும் நேரத்தில் அவர்களும் ஓடிவிடுகிறார்கள்.

உயிர்த்தெழுதல் இல்லை என்று மட்டும் உங்கள் குழுவில் யாரையும் சொல்ல விடாதீர்கள். 16:6-இல் அவர் உயிர்த்தெழுந்தார் என்ற செய்தி தெளிவாக இருக்கிறது. காட்சிதான் இல்லை.

ஞாயிறு மணி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கத்தோலிக்க மறைக்கல்வி ஆசிரியை. மேலே எல்லாரும் யார் எழுதினார் என்ற கேள்வியையும் இது இறைவார்த்தையா என்ற கேள்வியையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். எங்களுக்கு இரண்டும் வேறு. திரிதெந்து பொதுச்சங்கம் 1546-இல் திருநூல்களை அவற்றின் எல்லாப் பகுதிகளோடும் ஏற்றுக்கொண்டது. மாற்கு 16:9-20 அதில் சேர்த்தி. மாற்குவின் கை எழுதவில்லை என்று எங்கள் விவிலிய அறிஞர்களே சொல்வார்கள். அடுத்த நாள் அதையே திருப்பலியில் நற்செய்தியாக வாசிப்பார்கள். ஏப்ரல் 25, தூய மாற்கு விழாவுக்குரிய வாசகமே 16:15-20 தான். மாற்கு எழுதாத பகுதியை மாற்குவின் விழாவில் வாசிக்கிறோம் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்கட்டும், நினைவில் நிற்கும்.

யோவான் 7:53 முதல் 8:11 வரை, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதைக்கும் இதே நிலைதான். மிகப் பழைய பிரதிகளில் இல்லை, சில பிரதிகளில் லூக்காவில் 21:38-க்குப் பிறகு வருகிறது. அதற்காக அந்தக் கதையை விட்டுவிட யாருக்காவது மனம் வருமா?

இன்னொரு வேடிக்கை. எங்கள் வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் மாற்குவின் ஆண்டு வரும்போது பாஸ்கா திருவிழிப்பில், அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாட்டில், நாங்கள் வாசிப்பது 16:1-7. பெண்கள் பயந்து ஓடுகிற 8-ஆம் வசனத்துக்குச் சரியாக ஒரு வசனம் முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். இருபது நூற்றாண்டு ஆகியும் அந்த முடிவு நமக்குத் தொண்டையில் சிக்குகிறது பாருங்கள்.

திடமனம்:

மெய்ப்புக்காரன் ஐயா, வெளிப்படுத்தின விசேஷம் பற்றி நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், அவசரப்பட்டுவிட்டேன். ஆனாலும் நான் மாறவில்லை. நடை மாறுகிறது என்றால் மாற்கே வேறொரு காலத்தில் எழுதிச் சேர்த்திருக்கலாம்.

ஒரு கேள்வி. 18-ஆம் வசனத்தில் பாம்பைப் பிடிப்பார்கள், விஷம் குடித்தாலும் சேதப்படுத்தாது என்று வருகிறதே, பிற்பாடு யாரோ ஒட்டியது என்றால் எங்கிருந்து எடுத்தார்?

மெய்ப்புக்காரன்:

மாற்கே சேர்த்தார் என்பது இருக்கலாம். அப்படியானால் தன் கதாபாத்திரத்தை மறுபடி அறிமுகம் செய்ததை மட்டும் எனக்கு விளக்க வேண்டும்.

பாம்புக்கு அப்போஸ்தலர் 28-இல் மெலித்தா தீவில் பவுலின் கையைக் கவ்விய விரியன் இருக்கிறது. 12-ஆம் வசனத்தில் நடந்துபோகிற இரண்டு பேர் லூக்கா 24-இல் எம்மாவு ஊருக்குப் போகிற ஆட்களை நினைவூட்டுகிறார்கள், 9-ஆம் வசனம் யோவான் 20-ஐ. விஷம் குடிக்கிற கதை மட்டும் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டுச் சபை ஆயர் பாப்பியா, யுஸ்து என்னும் பர்சபா விஷம் குடித்தும் சேதமில்லாமல் இருந்ததாகச் சொன்னார் என்று எவுசேபியு குறித்திருக்கிறார். அப்போஸ்தலர் 1:23-இல் யூதாசின் இடத்துக்கு முன்னிறுத்தப்பட்டு, சீட்டு விழாமல் போன அதே யுஸ்து. இப்படிப்பட்ட கதைகள் அன்று வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருந்தன என்பது வரை சொல்லலாம்.

அம்மா, உங்கள் அப்பாவின் கோட்டைப் பற்றி: உலகமெங்கும் போவது பற்றிய கட்டளை மத்தேயு 28:19-இலும் இருக்கிறது, அங்கே எந்தச் சுவடித் தகராறும் இல்லை. ஆனால் அதைச் சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு விருப்பமில்லை. அவர் கோடு போட்டது இந்த வசனத்துக்கு. ஐரேனியு காலத்திலிருந்து எத்தனையோ பேர் இந்த முடிவை வாசித்துவிட்டுத்தான் புறப்பட்டுப் போயிருக்கிறார்கள்.

கதிர்பொறுக்கி:

எல்லாருக்கும் நன்றி. இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன். இந்த வாரம் மறுபடி 16:1-இலிருந்து வாசித்து 8-இல் நிறுத்திவிடுவேன். ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. அப்புறம் அந்தப் பெண்ணையே 9 முதல் 20 வரை, அடைப்புக்குறி இருக்கிறது என்றும் சொல்லி, வாசிக்கச் சொல்வேன். 15-ஆம் வசனம் வரும்போது அப்பாவின் வேதாகமத்தைச் சுற்றுக்கு விடுவேன்.

ஆனால் 8-ஐப் பழைய மொழிபெயர்ப்பில் வாசித்தால் அந்தக் காற்றில் தொங்குகிற கால் வராதே ஐயா. நேற்று ராத்திரி எழுதி எழுதி அடித்தேன். "ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் பயந்தார்கள்" என்றால் பரீட்சை விடைத்தாள் மாதிரி இருக்கிறது. "பயந்தார்கள் அல்லவா" என்றால் நம்மிடம் சம்மதம் கேட்பது போல் இருக்கிறது. கடைசியில் இதில் வந்து நிற்கிறேன்: "ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பயந்தார்களே."

மெய்ப்புக்காரன்:

அந்த ஏகாரம் பிரமாதம் அம்மா. "கர்" சொல்லின் வேலையைக் கடைசி எழுத்தில் செய்துவிட்டீர்கள், எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. ஒரே ஒரு திருத்தம். கிரேக்க வினை ஒரு தடவை பயந்து முடிந்துபோனதைச் சொல்லவில்லை, தொடர்ந்த பயத்தைச் சொல்கிறது. ஆகவே "பயந்துகொண்டிருந்தார்களே". மற்றபடி அச்சுக்குப் போகலாம்.